கூகுள் பிளே கன்சோல்: ரெண்டு வருசம் கடை போட்ட அனுபவம்

கோபியில் வீடு வீடாகப் பால் ஊற்றுகிற அண்ணன்களுக்காகக் கணக்கு எழுதும் செயலி ஒன்று செய்தேன். அதை விற்க எடுத்த கடைதான் கூகுள் பிளே கன்சோல், அதாவது பிளே ஸ்டோரில் செயலி போடுகிறவர்களுக்கான தளம். பகலில் நூற்பாலை ஆபீஸ், ராத்திரியில் இது. நாலு ஸ்டார் கொடுப்பேன்.

பதிவுக் கட்டணம் ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளில் வருசா வருசம் 99 டாலர். நம் பால்காரர் யார் கையிலும் ஐபோன் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால், செயலியைச் சோதித்துப் பார்க்க 12 பேர் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருந்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கலாம். மச்சான், சித்தப்பா என்று கூப்பிட்டதில் ஒன்பதோடு நின்றது. 'ஆள் பிடித்துத் தருகிறோம்' என்ற ஓரிடத்தில் காசு கட்டினேன். மூன்றாம் நாளே இரண்டு பேர் கழன்றுவிட்டார்கள். அப்புறம் காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் நின்று ஆள் சேர்த்தேன். உருப்படியான சோதனை அங்கேதான் நடந்தது. "கை ஈரமா இருந்தா அமுங்க மாட்டேங்குது தம்பி" என்றார் ஒருவர். கேனை வண்டியில் மாட்டிக்கொண்டே அரை லிட்டரைத் தட்டினால் ஒன்றரையில் போய் விழுந்தது. கால், அரை, ஒன்று என்று மூன்றே பட்டன், திரை அகலத்துக்கு வைத்தேன்.

பணத்தில்தான் கோட்டை விட்டேன். முதல் வருசம் முழுக்க இலவசம், கீழே ஆட்மாப் (செயலிகளுக்கு விளம்பரம் தரும் கூகுள் சேவை) விளம்பரம். 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் எண் தபாலில் வரும். கடிதத்தைப் பார்த்து, கவர்ன்மென்ட் வேலை கிடைத்துவிட்டது என்றே அம்மா நினைத்தார். பணம் வங்கிக்கு வர 100 டாலர் சேர வேண்டும். எனக்குப் பதினொரு மாதம் ஆனது. பால்காரர் ஒரு வீட்டுக்கு நாலு நொடி திரையைப் பார்க்கிறார், அதில் விளம்பரத்தை எங்கே பார்ப்பது?

விளம்பரத்தைத் தூக்கிவிட்டு, 20 வீட்டுக்கு மேல் சேர்க்க ஒரே தடவை 199 ரூபாய் என்று வைத்தேன். முதல் மாதமே 31 பேர் வாங்கினார்கள். கூகுள் பிடித்தது 15 சதவீதம். கடை வாடகை, வசூல் எல்லாம் அவர்கள் பார்ப்பதற்கு இது எனக்குச் சரியாகவே படுகிறது. யுபிஐயில் கட்டலாம் என்பது பெரிய வசதி; கார்டு மட்டும் என்றிருந்தால் முப்பத்தொன்றில் மூன்று பேர்கூடத் தேறியிருக்க மாட்டார்கள். ஒன்று: தனிநபர் கணக்கில் காசு வாங்க ஆரம்பித்தால் உங்கள் முழு முகவரியும் பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விமர்சனங்களுக்கு 350 எழுத்துக்குள் நாம் பதில் போடலாம். போன வாரம் ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து எழுதியிருந்தார்: "பாலில் தண்ணி ஜாஸ்தி." இன்னும் பதில் போடவில்லை.