மிரி: றஸ்ட் எழுதுவோருக்கான இலவசப் பரிசோதனைக் கருவி

அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலையொன்றின் மின்தராசிலிருந்து எடையை வாசித்துப் பதியும் றஸ்ட் என்னும் நிரல் மொழியிலான செய்நிரலொன்று, வேறொருவர் எழுதி முடித்த நிலையில், மட்டக்களப்பிலுள்ள எமது சிறு குழுவின் பொறுப்பிற்கு வந்தது. சோதனைகள் யாவும் சித்தியடைந்தன. எடையும் சரியாகவே பதிவாகியது. எனினும் நினைவகப் பாதுகாப்பை எழுதுபவரே உறுதிசெய்ய வேண்டிய ‘அன்சேஃப்’ பகுதிகள் பல இருந்தமையால், நிரலை இயக்கியபடியே அத்தகைய தவறுகளைக் கண்டறியும் மிரியில் அதனை இயக்கிப் பார்த்தோம்.

இன்னும் மதிப்பு எதுவும் இடப்படாத மாறியை வாசிக்கச் சாதாரண றஸ்டில் கம்பைலரே (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளே) இடமளிக்காது. அன்சேஃபினுள் அந்தப் பொறுப்பு எழுதுபவருடையது. இங்கு 1024 பைட் கொள்ளளவில் ஒரு வெக்டர் (நீளம் மாறக்கூடிய பட்டியல்) அமைத்து, அதில் எதுவும் எழுதப்படுமுன்னரே ‘செட் லென்’ மூலம் நீளமும் 1024 என அறிவிக்கப்பட்டிருந்தது. பழைய சோதனைகளை மிரியும் குறை சொல்லவில்லை. வரி முடிவுக் குறி வந்து சேராத அரைகுறைச் செய்தியொன்றைக் கொடுத்தபோதுதான், அக்குறியைத் தேடிச் சென்ற பகுதி எழுதப்படாத பைட்டைத் தொட்டது. ஒவ்வொரு பைட்டிலும் மதிப்பு எழுதப்பட்டுள்ளதா எனக் கணக்கு வைத்திருக்கும் மிரி, அவ்விடத்திலேயே நிறுத்தி வரி எண்ணையும் காட்டியது. ‘ஏதோ குப்பை மதிப்புத்தானே’ என்று இதை ஒதுக்க முடியாது. இப்படியொரு வாசிப்பு நிகழவே நிகழாதென்ற அனுமானத்தில் கம்பைலர் நிரலை மேம்படுத்துவதால், விளைவு என்னவாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இத்தகைய நினைவகத்தைக் கையாளவே ‘மேபி அன்இனிட்’ என்ற வகை 2019இல் றஸ்ட் 1.36உடன் நிலைபெற்றது. நாம் அதனை நாடவில்லை. தராசின் வேகத்திற்கு 1024 பைட்டையும் பூச்சியத்தால் நிரப்புவது ஒரு செலவே அல்ல. வந்து சேர்ந்த பைட்டுகளை மட்டும் தேடலுக்கு அனுப்பினோம், அன்சேஃபும் நீங்கியது.

குறைகளும் உண்டு. மிரி மிக மெதுவானது. றஸ்டின் நைட்லி (நாள்தோறும் வெளிவரும் பரிசோதனைப்) பதிப்பில் மட்டுமே இயங்கும். இயக்கப்பட்ட பாதையை மட்டுமே பரிசோதிக்கும். சீ மொழி நூலகங்களை அழைக்கும் பகுதிகள் பெரும்பாலும் அதற்கு எட்டாதவை. ஆகவே தராசுடன் நேரடியாகப் பேசும் சோதனைகளை மிரியில் தவிர்க்குமாறு குறித்துவிட்டு, செய்தியைப் பிரித்தறியும் பகுதியை மட்டும் ஒவ்வொரு வெளியீட்டின் முன்னரும் அதில் இயக்கி வருகிறோம்.