நீச்சல் குளத்துக் கறை: களியக்காவிளைப் பக்கத்தவர்கள் கவனத்துக்கு

விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகள் சிலவற்றில் இப்போது சிறிய நீச்சல் குளமும் இருக்கிறது. அவற்றைப் பராமரித்துத் தருவதாகச் சொல்லி தமிழக-கேரள எல்லைக்கு இருபுறமும் வேனில் திரிகிற ஒரு நிறுவனம், என் அண்ணன் வீட்டில் செய்துவைத்த வேலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவிருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் படித்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அண்ணன் குவைத்தில் இருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்வது நான். நீல மொசைக் டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் பூசிய குளம் அது. சுமார் 50,000 லிட்டர் பிடிக்கும். போர் தண்ணீரைத்தான் விட்டோம். நிறமே இல்லாமல் தெளிவாக இருந்தது. அன்று மாலையே அந்த நிறுவனத்து ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடரை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார்கள். விடிந்து பார்த்தால் குளம் முழுக்கக் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறம்! சில நாட்களில் நிறம் கீழே இறங்கி, தரையிலும் படிகளிலும் பழுப்புத் திட்டாக ஒட்டிக்கொண்டது.

“சாரே, இது வெறும் பாசி. மருந்து போட்டால் போய்விடும்” என்றார் மேற்பார்வையாளர். பாசி என்றால் பச்சையாக, தொட்டால் வழவழப்பாக இருக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, இது பழுப்புப் பாசி என்று பதில் வந்தது. மருந்து என்று அவர்கள் கொட்டியது துருசு. மழைக்கு முன்னால் சுண்ணாம்போடு கலந்து ரப்பர் மரத்துக்குத் தெளிக்கிற அதே நீலக் கல். ரப்பர் வைத்திருக்கிற எவருக்கும் அதைக் காட்டி வேறு பெயர் சொல்ல முடியாது. பில்லில் மட்டும் ‘ஸ்பெஷல் கெமிக்கல், ரூ. 6,500’. துருசு என்பது செம்பு உப்பு. பழுப்பு போகாததோடு, படி ஓரங்களில் நீலப்பச்சைக் கறையும் புதிதாகச் சேர்ந்தது.

அடுத்து ஆசிட் வாஷ், ரூ. 28,000. தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டு, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தார்கள். வேலைக்கு வந்த இரண்டு பையன்களுக்கும் முகமூடி கிடையாது, கையுறை கிடையாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியையே கழுவாமல் ஆசிட்டுக்கு எடுக்கப் போனவனை நான்தான் கத்தித் தடுத்தேன். அவை இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பள்ளமான இடத்தில் அதைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. ஆசிட் கழிவு நேரே பக்கத்துத் தோட்டத்து வாய்க்காலுக்குப் போனது. பழுப்புக் கறை போயிற்று என்பது உண்மைதான். ஆனால் ஆசிட் சிமெண்டைத் தின்னும். டைல்ஸ் இடுக்குகள் குழிந்து சொரசொரப்பாகிவிட்டன. அப்படிப்பட்ட பரப்பில் அடுத்த கறை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிறகு குளத்தை நிரப்பியது எந்தத் தண்ணீரில்? அதே போர் தண்ணீரில், அதே பிளீச்சிங் பவுடரோடு. கறை திரும்ப வந்தது. இன்னொரு ஆசிட் வாஷுக்கு விலை சொன்னார்கள்.

இத்தனைக்கும் ஒருமுறைகூட அவர்கள் தண்ணீரைப் பரிசோதிக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் வேதியியல் படிக்கும் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. “மாமா, வைட்டமின் சி மாத்திரை இருக்கிறதா?” என்று கேட்டான். மருந்துக்கடையில் வாங்கிவந்த மாத்திரைகளைப் பொடித்து, துணியில் முடிந்து, படியிலிருந்த பழுப்புத் திட்டின்மேல் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தான். எடுத்தபோது அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அப்படியானால் அது இரும்புக் கறை. பாசியோ இலைச்சாறோ வைட்டமின் சி-க்கு அசையாது. தை மாதம் ரப்பர் இலை உதிரும்போது விழுகிற இலைக் கறையென்றால், அது குளோரினுக்குத்தான் போகும்.

எங்கள் பக்கம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். போர் தண்ணீர் பிடித்த வாளியில் பழுப்பு வளையம் விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள்தாம் நாம். கரைந்திருக்கிற இரும்புக்கு நிறமில்லை. குளோரின் பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை பிடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டியே சொல்கிறது. எங்கள் போர் தண்ணீரில் 1.6 இருந்தது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தினால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ள 34,500 ரூபாய் தேவையில்லை.

கடைசியில் குளத்தைக் காலி செய்யாமலே சரிசெய்தோம். குளோரின் அளவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, அஸ்கார்பிக் ஆசிட் பொடியை, அதாவது அதே வைட்டமின் சி-யை, அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தூவி, பம்பை ஓடவிட்டோம். கறை கரைந்தது. இதில் ஒரு சங்கதி உண்டு: கரைந்த இரும்பு எங்கும் போய்விடவில்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. உடனே குளோரினை அள்ளிப் போட்டால் மறுபடி படியும். உலோகத்தைத் தண்ணீரிலேயே கட்டிவைக்கிற மருந்தை முதலில் சேர்க்க வேண்டும் (‘செக்வெஸ்ட்ரன்ட்’ என்று கேட்டால் கிடைக்கும்). பிறகு பிஎச் அளவை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் வைத்து, குளோரினை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். இப்போது குளத்தில் தண்ணீர் குறைந்தால், புதுத் தண்ணீரை இரும்பை வடிகட்டும் கருவி வழியாகத்தான் விடுகிறோம். செம்புக் கறை அவ்வளவு எளிதில் மசியவில்லை. ஓரங்களில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலியான தொட்டியைக் கீழிருந்து நெம்பி விரிசல் விடவைக்கும். எங்கள் குளத்தை ஐப்பசியில் இறைத்தார்கள், தப்பியது அதிர்ஷ்டம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “எங்கள் ஆபீஸ் கேரளத்தில், வேண்டுமானால் அங்கே வந்து கேஸ் கொடுங்கள்” என்று சிரித்தார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். நமக்கு நாகர்கோவில். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதே வேன் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். அவர்கள் விட்டுச்சென்ற காலிக் கேன்களின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். என் மனுவோடு சேர்க்க எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.