மதுரையில் கடைப் பெயர் மட்டும் போதாது, நேரமும் தெரிய வேண்டும்

முனிச்சாலை பக்கம் காலை ஒன்பதே காலுக்குப் போய் முள்ளு முருங்கை வடை கேட்டால் கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை. அடுப்பை அணைத்து எண்ணெய்ச் சட்டியை மூடிவிட்டு அந்த அக்கா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஏழு மணிக்கு வாங்க தம்பி, எட்டரைக்கெல்லாம் மாவு தீந்துரும்" என்றார். பிறந்து வளர்ந்தது இதே மதுரை, வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம், ஆனால் முப்பத்தெட்டு வயதில்தான் அந்தத் தெருவுக்குள் முதல் முறையாக வடைக்காகப் போயிருக்கிறேன், அதுவும் நேரம் தவறி. ஏழு மணி என்று அப்பா முந்தின ராத்திரியே சொல்லியிருந்தார், ஞாயிற்றுக்கிழமைதானே, மெதுவாகப் போகலாம் என்று நான்தான் இருந்துவிட்டேன்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு கல்யாண வீட்டில். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அத்தை மகன் மதுரையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்க, எல்லாரும் சொல்கிற நாலு கடைப் பெயரை நானும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "பேரைச் சொல்லிட்ட, நேரத்தைச் சொல்லலையேடா" என்றார். அப்பா ஹார்வி மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர். மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவர் வயதுக்காரர்களுக்கு இன்னும் அது ஹார்வி மில்தான். பகல் ஷிப்ட் வாரம் ஒரு கடை, ராத்திரி ஷிப்ட் வாரம் வேறு கடை என்று முப்பது வருஷம் சாப்பிட்டவர். இந்த ஊரில் எந்தக் கடையும் சும்மா திறப்பதில்லை, யாரோ வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கோ வேலை முடிந்து வருகிற நேரத்துக்கோதான் அடுப்பு பற்றவைக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஓய்வு கிடைத்த சாயங்காலங்களிலும் நானும் அவரும் சுற்றினோம்.

சரி, வடைக்கு வருகிறேன். அடுத்த வாரம் ஏழு மணிக்கே போய்விட்டோம். வடை என்று பெயர், பார்க்கப் பூரி மாதிரி இருக்கும். முள்ளு முருங்கை என்றால் கல்யாண முருங்கை, சாம்பாரில் போடுகிற முருங்கை இல்லை, முள் உள்ள வேறு மரம். அந்த இலையைப் பச்சரிசி, கொஞ்சம் உளுந்து, மிளகு, சீரகத்தோடு சேர்த்து அரைத்திருக்கிறார்கள். மாவு கரும்பச்சையாக இருந்தது. அக்கா எண்ணெய் தடவிய வாழையிலையில் எலுமிச்சை அளவு உருண்டையை வைத்து நாலு விரலால் ஒரு சுற்றுத் தட்டி, இலையோடு தூக்கிச் சட்டியில் நழுவவிட்டார். மூன்று மூச்சு விடுவதற்குள் உப்பி மேலே வந்தது. திருப்பிப் போட்டு, எடுத்து, மேலே எண்ணெய் மினுமினுப்பு அடங்குவதற்குள் இட்லிப் பொடியைத் தூவினார். அந்த எண்ணெயிலேயே பொடி நனைந்துவிடுகிறது, சட்னி எதுவும் தேவையில்லை. வாயில் வைத்ததும் லேசான கசப்பு, அப்புறம் மிளகு, கடைசியில் பொடியின் பருப்பு வாசம். சளி பிடித்தவர்கள் இதைத் தேடி வருவார்களாம், எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் ஆறு வாங்கிப் போனார்.

இந்தப் பக்கமெல்லாம் சௌராஷ்டிரா நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தெருக்கள். தறியில் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க முடியாது, அதற்கு முன்னால் சூடாக ஏதாவது உள்ளே போக வேண்டும், கடையின் நேரம் அந்தத் தறியின் நேரம்தான் என்று அப்பா சொன்னபோது எனக்கு ஏழு மணியின் காரணம் புரிந்தது. இப்போது தறிகள் குறைந்துவிட்டன, கடை மட்டும் பழைய நேரத்தை விடவில்லை. ஒன்று பத்து ரூபாய். தயவுசெய்து பார்சல் வாங்காதீர்கள், பத்து நிமிஷத்தில் தோல் மாதிரி ஆகிவிடும். நின்று சாப்பிடுங்கள். மரம் இலை உதிர்த்துப் பூத்து நிற்கிற மாதங்களில் வடை கிடையாது என்றும் அக்கா சொன்னார், அதையும் கேட்டுக்கொண்டு போவது நல்லது. திரும்பும் வழியில் கோரிப்பாளையத்தில் விசாலம் காபியில் ஆளுக்கு ஒரு காபி. பொடி காரம் நாக்கில் இருக்கும்போதே அந்தக் காபியைக் குடித்துப் பாருங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

ஜிகர்தண்டாவைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஆனால் எனக்கு அதில் ஒரு ஆதங்கம் உண்டு. ஊருக்குள் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் ஜிகர்தண்டா. ஒரு கடையில், பெயர் வேண்டாம், சுண்டக் காய்ச்சாத பாலில் சிவப்பு சிரப்பை ஊற்றி, ஊறிய பாதாம் பிசினை ரெண்டு கரண்டி போட்டு, மேலே பாக்கெட் ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து முதல் முறை வருகிற ஒருவர் இதைக் குடித்துவிட்டு இவ்வளவுதானா என்று போய்விட்டால் எவ்வளவு அநியாயம்! அதனால் விளக்குத்தூணில் 1977லிருந்து இருக்கிற ஃபேமஸ் ஜிகர்தண்டாவுக்கே போங்கள் என்றுதான் நான் சொல்வேன். பால் நன்றாகக் காய்ந்து லேசாகச் சிவந்திருக்க வேண்டும், நன்னாரி வாசம் முன்னால் வர வேண்டும், அடியில் கடல்பாசி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், பால் ஐஸ்கிரீம் கரைவதற்குள் பாதி கிளாஸ் முடிந்துவிட வேண்டும். கடல்பாசி என்பது பேருக்கு இல்லை, உண்மையிலேயே கடலில் விளைவது. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்து, கடல்பாசி என்று நாம் சொல்கிற அகரைக் காய்ச்சி எடுக்கிற ஆலைகள் மதுரையைச் சுற்றி உண்டு. கடல் இல்லாத ஊரின் குளிர்பானத்துக்குள் கடல் வந்து சேர்ந்தது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

இதற்கு நேரம் மதியம் மூன்று மணி. ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி, அந்தக் குளிர்ச்சி வேண்டியிருப்பது வெயில் முதுகில் அடிக்கும்போதுதான். சித்திரை வெயிலில் ஜவுளி மூட்டை இழுக்கிறவர்கள் கைவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றபடியே குடித்துப் போகிறார்கள், நாங்களும் அப்படித்தான் குடித்தோம். எதிரே நிற்கிற இரும்பு விளக்குத்தூண் 1840களில் இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நட்டது. கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை அகலப்படுத்தியவர் அவர், இன்றைக்கு நாம் நடக்கிற வெளி வீதிகள் அப்படி வந்தவை. இதைக் கையில் கிளாஸோடு அப்பா சொல்லிக் கேட்டேன்.

இப்போது பருத்திப்பால். இந்த மூன்று மாதத்தில் நான் அதிகமாகப் போனது இதற்குத்தான், இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன். தெற்குவாசல் பக்கம் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தள்ளுவண்டி வரும். பித்தளை அண்டா, அடியில் கரி அடுப்பு, அண்டாவின் கழுத்தில் விபூதிப் பட்டை, ஒரு முழம் பூ. மூடியைத் திறந்ததும் ஆவியோடு சுக்கு வாசனை முகத்தில் அடிக்கும். அண்ணன் நீளமான அகப்பையை அடிவரை விட்டு ரெண்டு முறை கிளறிவிட்டுத்தான் ஊற்றுவார், கிளறாமல் மேலாக மொண்டு கொடுத்தால் தண்ணியாகத்தான் வரும். முதல் நாள் அவர் தேங்காயைக் கொஞ்சம் தாராளமாகத் தூவியபோது அப்பா, "உங்க அப்பாவும் இப்படித்தான் போடுவாரு" என்றார். அதற்கு அந்த அண்ணன், "அவர் கைதான் இது" என்று தன் கையைக் காட்டினார்.

பருத்திக்கொட்டை மாட்டுக்குப் போடுவதுதானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், சென்னையில் வேலை பார்க்கும் என் நண்பர்கள் எல்லாருமே கேட்டார்கள். மாட்டுக்குப் போடுவதேதான். முந்தின ராத்திரி ஊறவைத்து, காலையில் ஆட்டி, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிய வேண்டும். ஒரு முறை பிழிந்தால் போதாது, திரும்ப ஆட்டித் திரும்பப் பிழிய வேண்டும். கொட்டையின் கறுப்புத் தோலும் பஞ்சுப் பிசிறும் துணியிலேயே தங்கிவிடும், கீழே இறங்குவது பசும்பால் மாதிரி இருக்கும். பச்சை வாசனை போகக் கொதித்தபிறகு ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு, கெட்டிப்பட ஆரம்பித்ததும் கருப்பட்டி அல்லது மண்டை வெல்லம், இறக்குவதற்கு முன்னால் சுக்கு, சித்தரத்தை, திப்பிலி, ஏலக்காய். தேங்காய் கடைசியில். அரை நாள் வேலை, ஒரு தம்ளர் இருபது ரூபாய்.

ஏழெட்டு இடத்தில் குடித்துப் பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். ஊற்றி வாங்கி இரண்டு நிமிஷம் அப்படியே வைத்திருங்கள். ஆடை மெல்லியதாகப் படிந்து, ஊதும்போது சுருங்கினால் அரிசி மாவு. களி மாதிரி திடமாக உறைந்து தம்ளரோடு ஆடினால் வேறு ஏதோ மாவைப் போட்டுக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். நான் போன இரண்டு வண்டிகளில் அப்படித்தான் இருந்தது, பருத்தி வாசமே இல்லை, வெல்லப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. தெற்குவாசல் அண்ணனிடம் கருப்பட்டி கொஞ்சமும் வெல்லம் கொஞ்சமும் கலந்துதான் போடுகிறார், கருப்பட்டி விற்கிற விலையில் முழுக்கப் போட முடியாது என்று அவரே சொன்னார். கேட்காமலே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. காகிதக் கப்பில் வாங்காமல் எவர்சில்வர் தம்ளர் கேளுங்கள், அடியில் தங்குகிற தேங்காயைச் சுரண்டிச் சாப்பிட அதுதான் தோது. மில்லில் பஞ்சுத் தூசியை மூக்கிலும் தொண்டையிலும் வாங்கிக்கொண்டு ஷிப்ட் முடிந்து வருகிறபோது, சைக்கிளை நிறுத்தி இதை ஒரு தம்ளர் குடித்தால்தான் தொண்டை திறக்கும் என்று அப்பா சொன்னார். பஞ்சை நூலாக்கிவிட்டு வந்து அதே செடியின் கொட்டையைப் பாலாகக் குடித்திருக்கிறார்கள். பருத்தி புடவையாகக் காய்த்தது என்று சொல்வார்கள், இங்கே பாலாகவும் கறந்திருக்கிறது.

கறி தோசைக்கு சிம்மக்கல் கோனார் கடை. தடிமனான தோசை, மேலே முட்டை, அதற்கு மேலே கொத்தின ஆட்டுக்கறியை மசாலாவோடு பரப்பித் திருப்பிப் போட்டு வேகவிடுவார்கள், ஒன்று சாப்பிட்டால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. இதற்கு அடுப்புப் பக்கமாக உட்காருங்கள், கல்லிலிருந்து நேராக இலைக்கு வர வேண்டும். இதையே பார்த்துச் செய்கிறோம் என்று சொல்கிற இன்னொரு புதிய ஓட்டலில் மதியம் சமைத்து வைத்த கறியை ஆறிப்போன தோசையில் வைத்து மடித்துக் கொடுத்தார்கள், காசு மட்டும் அதிகம். அல்வாவுக்கு ரயில் நிலையம் பக்கம் பிரேம விலாஸ், இலைத் துண்டில் சுடச்சுட வாங்கி அங்கேயே நின்று விரலால் எடுத்துச் சாப்பிடுவது. ரயில் ஏறுகிறவர்கள் பெட்டி வாங்கிப் போவார்கள், ஆனால் ஆறின அல்வா வேறு, இது வேறு.

கடைசியாகப் போனது ராத்திரி இட்லிக்கு. தெற்குமாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைகள் ஷட்டர் இறக்குவதற்குப் பத்தரை ஆகிவிடும், நாள் முழுக்க நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டியவர்கள் அதற்குப்பிறகுதான் சாப்பிடவே வருகிறார்கள். தூங்காநகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், விழித்திருப்பது யார் என்று நான் யோசித்ததில்லை. ஓர் அம்மா மரப் பெஞ்சு ரெண்டு போட்டு, துணி விரித்த தட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். தட்டில் வாழையிலை, ஆவி பறக்கிற இட்லி, தண்ணியாகத் தேங்காய்ச் சட்னி, மல்லிச் சட்னி, பூண்டு போட்ட காரச் சட்னி. துணியிலிருந்து பிரித்த இட்லியின் அடியில் துணியின் இழை அப்படியே பதிந்திருந்தது. நான் எட்டு சாப்பிட்டேன், அப்பா நாலு.

மணி பன்னிரண்டே காலுக்கு லோடு இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "வேற வேணுமாய்யா? இன்னும் ஒரு ஈடுதான் இருக்கு" என்று அந்த அம்மா எங்களைக் கேட்டார். அப்பாவுக்கு இன்னும் இரண்டு வேண்டியிருந்தது, எனக்குத் தெரியும். "அவங்களுக்கு வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு இலையை மடித்து எழுந்துகொண்டார்.