“லண்டன் மாஸ்டர்ஸ்” என்று காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

வன்னியில் இருந்துகொண்டு மின்கற்றல் துறைக்கு மாற நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பட்டதாரிகளுக்கும்தான் இதை எழுதுகிறேன். வவுனியா நகரில் ஒரு தனியார் நிலையம், “ஒரே வருடத்தில் மின்கற்றல் தொழில்நுட்பத்தில் லண்டன் மாஸ்டர்ஸ்” என்று விளம்பரம் போட்டு என்னிடம் காசு வாங்கியது. கடைசியில் அவர்கள் கையில் தந்தது டிப்ளோமாச் சான்றிதழ்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் படிப்பிக்கிறேன். 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினேன். அதிலிருந்தே இந்த வேலையில் விருப்பம். டேட்டாவுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிற மாதிரி ஒரு பாடத்தை எப்படி அமைப்பது என்று முறையாகப் படித்து, அதையே தொழிலாகச் செய்ய ஆசைப்பட்டேன். நிலையத்தில் இதைச் சொன்னதும், “ரீச்சர், உங்களுக்கெண்டே செய்த கோர்ஸ் இது” என்றார்கள். நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டினேன்.

வந்த பாடங்கள் தலைமைத்துவம், முகாமைத்துவம், மனிதவளம். எல்லாம் பிடிஎப். மின்கற்றல் என்ற சொல் ஏதோ இரண்டொரு அலகில் தலைகாட்டியது. மூடில் என்பது இணையவழிப் பாடங்களை அமைத்து நடத்த 2002இல் இருந்து இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். பல்கலைக்கழகங்கள் பலவும் அதில்தான் பாடம் நடத்துகின்றன. அதில் ஒரு பாடநெறியை நாங்களே அமைத்துப் பார்க்க ஒருநாளும் விடவில்லை. செய்த பாடத்தை ஸ்கோர்ம் பொதியாக்கி, அதாவது வெவ்வேறு கற்றல் தளங்களிலும் இயங்கும் பொது வடிவத்துக்கு மாற்றி, வேறொரு தளத்தில் ஏற்றுவது எப்படி என்று கேட்டேன். “அது டெக்னிக்கல் ஆக்களின்ர வேலை, ரீச்சர்” என்று பதில் வந்தது. அந்த வேலைக்குப் போகத்தானே நான் காசு கட்டியது! ஒப்படைகளைத் திருத்தியவர் யார் என்றே தெரியாது. ஒற்றை வரியில் “நன்று” என்று மட்டும் வரும்.

சான்றிதழ் வந்தபோது அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. ஒரு பிரிட்டிஷ் தகைமை அமைப்பின் பெயரும், “லெவல் 7 டிப்ளோமா, 120 கிரெடிட்” என்றும் இருந்தது. கேட்டேன். “லெவல் 7 எண்டால் மாஸ்டர்ஸ்தானே” என்றார்கள். இந்த இடத்தைக் கவனமாக விளங்கிக்கொள்ளுங்கள். லெவல் என்பது தகைமையின் படிநிலை, கிரெடிட் என்பது படிப்பின் அளவு. இங்கிலாந்தில் மாஸ்டர்ஸும் லெவல் 7தான், ஆனால் முழு மாஸ்டர்ஸுக்கு 180 கிரெடிட் வேண்டும். மிச்சம் 60ஐ ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பெரும்பாலும் ஆய்வுக்கட்டுரை எழுதித்தான் முடிக்க வேண்டும். அதற்குப் பவுண்ஸில் தனிக்கட்டணம். விளம்பர நோட்டீசில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எங்கள் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் எண்கள் வேறு. இங்கே 7ஆம் மட்டம் பட்டப்பின் சான்றிதழ், 8 பட்டப்பின் டிப்ளோமா. பாடநெறிகளை மட்டும் படித்து எடுக்கும் முதுமாணி (மாஸ்டர்ஸ்) 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வோடு சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். எங்கள் கிரெடிட்டும் அவர்களுடையதும் ஒரே அளவு அல்ல. ஆகவே லெவல் என்று யாராவது சொன்னால், எந்த நாட்டு லெவல் என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.

பிறகு கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் சான்றிதழை ஒரு தரம் பார்த்துவிட்டு, “நீங்கள் செய்த பாடம் ஒன்றைக் காட்டுங்கோ” என்றார்கள். காட்ட ஒன்றும் இல்லை. எனக்கு மிகவும் வலித்தது அங்கேதான். டிப்ளோமாவாகவே இருந்திருந்தாலும் வேலையைப் பழக்கியிருந்தால் நான்கு பாடங்களாவது கையில் இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட படிப்பில் சேரப்போகிறவர்கள் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். “இணைந்தது”, “அங்கீகரித்தது” என்ற கதை போதாது. அந்தப் பெயரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பதவி உயர்வுக்கு இந்தப் பட்டத்தைக் காட்ட நினைக்கிற அரச ஆசிரியர்கள் இதைச் செய்யாமல் ஒரு சதமும் கட்ட வேண்டாம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் என்றால் அந்நாட்டு அரசின் இணையத்தளத்திலேயே பட்டம் வழங்கும் அதிகாரமுள்ளவற்றின் பட்டியல் இருக்கிறது. நேரே போய் ஒருவரிடம் கேட்க விரும்பினால் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2021 ஆகஸ்டில் இருந்து அது தனிப் பல்கலைக்கழகம். அங்குள்ள விரிவுரையாளர் ஒருவரிடம் பாடத்திட்டத்தைக் காட்டினாலே பாதி வெளிச்சமாகிவிடும்.

பாடத்திட்டத்தில் மாணவர் கையால் செய்து முடிக்கும் பாடம் எத்தனை, எந்த மென்பொருளில் என்று பாருங்கள். சரி, படிப்பு பிறகு அமையட்டும் என்றால் மூடிலை உங்கள் லப்டொப்பிலேயே இறக்கி நிறுவலாம். ஊடாடும் பாடங்கள் செய்ய உதவும் எச்5பி என்ற கருவியும் இலவசம். அதில் ஆறாம் தர விஞ்ஞான அலகு ஒன்றைச் செய்து பாருங்கள், இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்குமா என்பது காசு கட்டாமலே தெரிந்துவிடும்.

என் காசைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தில் “கட்டணம் மீளளிக்கப்படாது” என்று இருப்பதைக் காட்டினார்கள். நான் விடப்போவதில்லை, எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறேன். இதேபோல் காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, விளம்பர நோட்டீஸ், வட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய குரல் பதிவு எதையும் அழிக்க வேண்டாம். “மாஸ்டர்ஸ்” என்று அவர்கள் சொன்னதற்கு அவைதான் சாட்சி.