‘இறுகிய’ என்பதற்கு எதிர் எது: மென்மையா, இளக்கமா, நெகிழ்வா, தளர்வா?

‘கடினம்’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் சிலர் ‘எளிது’ என்பார்கள், சிலர் ‘மென்மை’ என்பார்கள். இரண்டும் சரி. கணக்கு கடினம் என்றால் எதிர் எளிது, பாறை கடினம் என்றால் எதிர் மென்மை. சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான். இறுகியது, விறைத்தது, உறைந்தது, முற்றியது, காய்ந்தது என்று கெட்டிப்படுவதற்கே தமிழில் இத்தனை வினைகள் இருக்கின்றன. அத்தனைக்கும் எதிரே ‘மென்மை’ என்ற ஒரே சொல்லை நிறுத்தினால் வாக்கியம் சப்பென்று போய்விடுகிறது. ஒரு பொருள் எப்படிக் கெட்டியானது என்று முதலில் கேட்க வேண்டும். எதிர்ச்சொல் அந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது.

மென்மையிலிருந்தே தொடங்கலாம். இலக்கணம் இதை வன்மைக்கு நேர் எதிரே வைத்திருக்கிறது. க ச ட த ப ற வல்லினம், ங ஞ ண ந ம ன மெல்லினம். வன்பொருள், மென்பொருள் என்று கணினிக்குச் சொல் தேடியபோதும் இந்தப் பழைய இணைதான் கைகொடுத்தது. ஆனால் மென்மை என்பது இயல்பு. பூ மென்மையானது என்றால், அது முன்பு கெட்டியாக இருந்து பிறகு மாறியது என்று யாரும் நினைப்பதில்லை. அதனால் ‘கடினமான’ என்பதற்கு இது பொருந்துகிற அளவுக்கு, ‘இறுகிப்போன’ என்பதற்குப் பொருந்தாது. வன்மைக்கே கூட எப்போதும் இது எதிராவதில்லை. ‘வன்சொல்’லுக்கு எதிராக வள்ளுவர் வைத்தது ‘இன்சொல்’ (குறள் 99).

இறுகியதற்கு நேர் எதிர் இளகியதுதான் என்பது என் முடிவு. ஒரு மெழுகுத் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடிப் பாருங்கள். முதலில் நகம் பதியாது. கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டில் ஓரம் மட்டும் விட்டுக்கொடுக்கும். அதுதான் இளகுவது. பிசையப் பிசைய விரல் போன பக்கமெல்லாம் வரத் தொடங்கினால் குழைகிறது. தீயருகே கொண்டுபோனால்தான் உருகும். ஒரே மெழுகு, மூன்று நிலை, மூன்று வினை. உருகுவதற்கு எதிர் உறைவது. இளகுவதற்கு எதிர் இறுகுவது. இந்த இணைகளை மாற்றிப் போட்டால் காதுக்கே பிடிக்காது. இளக்கத்துக்கு ஒரு குறையும் உண்டு. அதே வேரில்தான் ‘இளக்காரம்’ வந்தது. ‘இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான்’ என்ற பழமொழியும் இளகியவனுக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஒருவரைப் பாராட்டி எழுதும்போது இந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் போட வேண்டும்.

தளர்வுக்கும் நெகிழ்வுக்கும் நடுவில்தான் அதிகக் குழப்பம். ஒருமுறை மூட்டுவலிக்கான உடற்பயிற்சிக் கையேடு ஒன்றைப் பிழை திருத்தினேன். ‘இறுகிய தசைகளை மென்மையாக்கும் பயிற்சிகள்’ என்று தலைப்பு. தசை மென்மையாகிவிட்டால் அப்புறம் எழுந்து நடப்பது எப்படி? ‘தசைகளைத் தளர்த்தும்’ என்று மாற்றினேன், சரியாக உட்கார்ந்தது. அடுத்த பக்கத்தில் ‘விறைத்த மூட்டு’ வந்தது. அங்கேயும் ‘தளர்த்தும்’ என்று போட்டுப் பார்த்தால், மூட்டே கழன்றுவிடும்போல் இருந்தது. ‘நெகிழ’ என்றாலும் பொருந்தவில்லை. கடைசியில் ‘விறைப்பு நீங்கி மூட்டு இலகுவாக மடங்கி நீள’ என்று விரித்து எழுதினேன். ஒற்றைச் சொல் கிடைக்காத இடத்தில் செயலையே சொல்லிவிடுவது நல்லது. ‘விறைப்பற்ற’ என்று ‘அற்ற’வை ஒட்டுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. இல்லாததைச் சொல்கிறதே தவிர, இருப்பதைச் சொல்வதில்லை.

விதிகள் என்று வந்தால் தளர்வும் நெகிழ்வும் உண்மையான போட்டியாளர்கள். 2020இல் ‘ஊரடங்கில் தளர்வு’ என்ற தொடரை நாள்தோறும் படித்தோம். அங்கே விதி இறுக்கமானது, அதைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். ‘நெகிழ்வான விதி’ என்பது வேறு. ஆளுக்கும் சூழலுக்கும் ஏற்ப வளைந்து கொடுக்கும் இடம் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. தளர்த்திய விதியை நாளைக்கே மறுபடி இறுக்கலாம். நெகிழ்வான விதியில் இறுக்கவோ தளர்த்தவோ ஒன்றுமில்லை. அலுவலக அறிவிப்பு எழுதுகிறவர்கள் இந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இன்னொன்று, ‘நெகிழ்ச்சி’ இப்போது செய்தித்தாள்களில் கண்கலங்க வைக்கும் சம்பவத்துக்கே போய்விட்டது. ‘நெகிழ்ச்சியான பணி நேரம்’ என்று எழுதினால் படிப்பவர் கைக்குட்டை தேடுவார். பணி நேரத்துக்கு நெகிழ்வு, மனதுக்கு நெகிழ்ச்சி என்று பிரித்துக்கொள்வதே நல்லது. பொருள்களில் ரப்பரையும் ஈரக் களிமண்ணையும் ஒரே சொல்லால் சொல்லாதீர்கள். ரப்பர் இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், அது மீட்சி. களிமண் அழுத்திய வடிவத்திலேயே நின்றுவிடும், அது நெகிழ்வு. பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்ற பெயர் அழகாகப் பொருந்துவது இதனால்தான்.

முற்றிக் கெட்டியானதற்கு மேலே சொன்ன எதுவும் எதிராகாது. ‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து’ என்கிறது குறள் 879. காழ்த்தது என்றால் வைரம் பாய்ந்தது. அதற்கு எதிரே நிற்பது ‘இளைது’, பேச்சில் ‘இளசு’. கெட்டியாவதற்கு முன்னால் இருந்த மென்மை அது. காய்க்கு எதிராகிற ‘கனி’யோ, கெட்டியாக இருந்த பிறகு வருகிற மென்மை. ஒன்று முன்னே, ஒன்று பின்னே. அதனால்தான் கண்டிப்பான ஒருவர் வயதான பிறகு மாறினால் ‘கனிந்துவிட்டார்’ என்கிறோம், ‘இளசாகிவிட்டார்’ என்பதில்லை.

மனம் இறுகியவரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் போட்டிக்கு வந்து நிற்கும். ‘மனம் இளகியது’ என்றால் அதற்கு முன் பிடிவாதம் இருந்தது. ‘நெகிழ்ந்தது’ என்றால் பிடிவாதம் இருந்திருக்க வேண்டியதில்லை, எதையோ பார்த்ததும் தொட்டுவிட்டது. ‘உருகியது’ என்றால் துயரமோ பக்தியோ பின்னால் இருக்கும். ‘கனிந்தது’ என்றால் காலம் வேலை செய்திருக்கிறது. ‘கரைந்தது’ என்றால் யாரோ விடாமல் முயன்றிருக்கிறார்கள். ‘கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும்’ என்று சொல்லும்போது, அந்தக் கரைப்பவரும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். மற்ற நான்கு சொற்களில் அவருக்கு இடம் கிடையாது.