ஆஸ்பத்திரி கட்டடத்துக்கு பிஎம்எஸ் போதுமா, டிஜிட்டல் ட்வின் வேண்டுமா?

ஆபரேஷன் தியேட்டரில் மணிக்குக் குறைந்தது 20 முறை காற்று மாற வேண்டும், உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். காசநோயாளியை வைக்கும் ஐசோலேஷன் அறைக்கு 12 முறை, ஆனால் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஆஸ்பத்திரி காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 170 இப்படித்தான் கேட்கிறது. இதைக் கண்காணித்துக் கட்டுப்படுத்த மட்டும் என்றால் பிஎம்எஸ், அதாவது கட்டடத்தின் ஏசி, காற்றோட்டம் போன்றவற்றைக் கணினி வழியே கவனித்து இயக்கும் அமைப்பு, தாராளமாகப் போதும். அளவு எல்லை தாண்டினால் அலாரம் அடிக்கும், அறைகளுக்குக் காற்றை அனுப்பும் ஏஹெச்யூ இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழியான பேக்நெட் 1995இல் தரநிலையானதிலிருந்து பழகிப்போன தொழில்நுட்பம், சரிசெய்யவும் ஆள் கிடைக்கும்.

பராமரிப்பு சாஃப்ட்வேர் இன்னும் மலிவு. புகார், சர்வீஸ் தேதி, ஏஎம்சி எனும் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதுகூட இல்லாமல் டிஜிட்டல் ட்வின், அதாவது கட்டடத்தின் கணினி நகல், வாங்கப் போவது வீண்செலவு.

பிஎம்எஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று, எது எதோடு இணைந்திருக்கிறது என்பது. ஏசிக்குக் குளிர்ந்த நீர் தரும் இரண்டாவது சில்லர் இயந்திரத்தை நான்கு மணி நேரம் நிறுத்தினால் எந்தெந்த அறைகளில் ஈரப்பதம் ஏறும், இந்த ஆக்சிஜன் வால்வை மூடினால் எந்தப் படுக்கைகளுக்கு சப்ளை நிற்கும் என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. பல இடங்களில் அந்தப் பதில் மூத்த டெக்னீஷியன் ஒருவரின் தலைக்குள்தான் இருக்கிறது, அவர் லீவில் இருந்தால் ஆபத்து. குழாய், டக்ட், மின்சார இணைப்பு, சென்சார் அளவு, சர்வீஸ் வரலாறு எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரிக்குள் கோத்து, வால்வில் கை வைப்பதற்கு முன்பே கேட்டுப் பார்க்க விடுகிறது ட்வின். என்னைப் பொறுத்தவரை அதற்குப் பணம் கொடுக்க இது ஒன்றுதான் காரணம், 3டி படம் இல்லை.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிகள் மாறிக்கொண்டே இருக்கும்: வார்டு ஐசியூ ஆகும், சுவரை இடிப்பார்கள், புது லைன் இழுப்பார்கள். மாதிரியில் அதை ஏற்றாவிட்டால் ட்வின் தவறான பதிலை நம்பிக்கையோடு சொல்லும், பதிலே இல்லாததைவிட அது மோசம். அதை அப்டேட் செய்வதையே வேலையாகக் கொண்ட ஒருவர் கண்டிப்பாக வேண்டும்.

பழைய, சிறிய கட்டடம் என்றால் முதலில் ஆஸ்-பில்ட் டிராயிங்கை, அதாவது உண்மையில் கட்டியிருப்பதைக் காட்டும் வரைபடத்தை, சரிசெய்யுங்கள், பிஎம்எஸ்ஸோடு பராமரிப்பு சாஃப்ட்வேர் இப்போதைக்குப் போதும். புதிதாகக் கட்டுகிறீர்களா? டெண்டரிலேயே, பொதுவான கோப்பு வடிவமான ஐஎஃப்சியில் கட்டடத்தின் கணினி மாதிரியையும் கருவிகளின் விவரத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு ஒவ்வொரு குழாயாகத் தேடி அளப்பது பெரிய செலவு. அப்புறம், விற்க வருபவரிடம் உங்கள் மாடியின் ஒரு ஆக்சிஜன் வால்வைக் காட்டி அதை மூடினால் எந்தப் படுக்கைகள் பாதிக்கப்படும் என்று கேளுங்கள். உடனே பட்டியல் வராவிட்டால் வாங்காதீர்கள்.