4 டிபி ஹார்ட் டிஸ்க், 100 எம்பிபிஎஸ் ஃபைபர்: நான்கு வருடம் ஓட்டிய கதை

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பதுதான் என் பிழைப்பு. நான்கு வருடத்துக்கு முன் 4கே கேமராவுக்கு மாறியபோது கூடவே மூன்று செலவு வந்தது: மெமரி கார்டு, 4 டிபி (டெராபைட்) வெளி ஹார்ட் டிஸ்க், 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) ஃபைபர் இணைய இணைப்பு. மூன்றும் இன்றுவரை உழைக்கின்றன. கோட்டை விட்டதெல்லாம் நான்தான், அதுவும் கணக்கில்.

ஹார்ட் டிஸ்க்கை முதல் நாள் செருகியதும் 3.63 டிபி என்று காட்டியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்குச் சண்டைக்கே கிளம்பினேன். விஷயம் இதுதான்: டிஸ்க் செய்பவர்களுக்கு 1 டிபி என்றால் லட்சம் கோடி பைட். விண்டோஸோ ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்குப் பதிலாக 1024-ஆல் வகுக்கிறது, ஆனால் எழுதும்போது அதே டிபி என்றுதான் எழுதுகிறது. ஒரு பைட்கூடக் காணாமல் போகவில்லை. 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இந்த 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயரே வைத்தது. எங்கள் கடைவீதியில் யார் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை. மேக் கணினி 2009இலிருந்து ஆயிரம் கணக்கிலேயே காட்டுகிறது. அதனால் என் எடிட்டர் தம்பியின் மேசையில் இதே டிஸ்க் முழு 4 டிபி!

இந்த ஒன்பது சதவீத வித்தியாசத்தால் எனக்குக் காசு நஷ்டம் எதுவும் இல்லை. பிட்டையும் பைட்டையும் ஒன்றாக நினைத்ததில்தான் கை நன்றாகச் சுட்டது.

எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சின்ன பி, பைட்டுக்குப் பெரிய பி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எம்பிதான், பேசும்போதும் அப்படித்தான். கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள், இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். கேமராவின் பதிவு வேகமும் பிட்டில்தான். மெமரி கார்டின் வேகமோ பைட்டில்.

என் கேமரா 4கே-யில் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதியும் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து, வினாடிக்கு 100 மெகாபைட் தாங்கும் கார்டு வேண்டும் என்று முடிவு செய்தேன். குறைந்தபட்சம் 90 மெகாபைட் எழுதும் என்று உறுதி தரும் வி90 கார்டு இரண்டு வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டில் இன்றும் திட்டு விழும். 100-ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை மெகாபைட். 30 மெகாபைட் உறுதி தரும் வி30 கார்டே தாராளம். இப்போது அதைத்தான் வாங்குகிறேன், இதுவரை ஒரு பதிவும் பாதியில் நின்றதில்லை.

இரண்டாவது அடி ஒரு முகூர்த்தத்துக்கு மறுநாள் விழுந்தது. பெண்ணின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து, “அண்ணே, எடிட் பண்ணாட்டியும் பரவாயில்ல, தாலி கட்டினதை அப்படியே அனுப்புங்க” என்றார். ஒரு மணி நேரப் பதிவு, 45 ஜிபி. 45,000 மெகாபைட்டை 100-ஆல் வகுத்து, ஏழரை நிமிஷம் தம்பி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏழரை என்று வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஏற்றவும் இறக்கவும் ஒரே வேகமுள்ள இணைப்புதான். ஆனாலும் 100 எம்பிபிஎஸ்ஸில் பதிந்த ஒரு மணி நேரம், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் போக எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்தானே? நானோ வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தேன். கிடைத்தது 40 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான். இரண்டரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து கணினிக்கு லேன் கேபிள்தான்.

ஹார்ட் டிஸ்க் கதை வேறு மாதிரி. புதிதில் வினாடிக்கு 110 மெகாபைட் வரை எழுதும், 45 ஜிபி ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். (இந்தத் தடவை ஏழு நிஜமாகவே ஏழு.) இரண்டாம் வருடம் அதன் அகலமான கேபிள் லூசாகிவிட்டது. பழைய போன் கேபிள் ஒன்று அந்தத் துளையின் பாதியில் சரியாகப் பொருந்தியது, டிஸ்க்கும் ஓடியது. அது யுஎஸ்பி 2.0 கேபிள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. 480 எம்பிபிஎஸ் என்று பேர், எட்டால் வகுத்தால் 60 மெகாபைட், எனக்குக் கிடைத்தது 35. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஏழு நிமிட வேலைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். சரியான கேபிள் வாங்கியதும் பழைய வேகம் திரும்பியது. அட்டையில் போட்டிருக்கும் 5 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 5 ஜிகாபிட்), யுஎஸ்பி 3.0 என்ற பாதையின் அகலம். உள்ளே சுழலும் தட்டால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது.

டிஸ்க் நிரம்ப நிரம்ப இன்னும் மெதுவாகிறது. தட்டின் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு போகும், உள்வட்டத்தில் குறைவு. இப்போது முக்கால்வாசிக்கு மேல் நிரம்பி, வினாடிக்கு 75, 80 மெகாபைட்டில் நிற்கிறது. இது பழுதில்லை, ஆனால் எடிட்டிங்குக்கு எரிச்சல்தான்.

இணைப்பில் மாதத்துக்கு 3,300 ஜிபி வரம்பு உண்டு. முழு வேகத்தில் நிறுத்தாமல் ஓடினால் சுமார் 73 மணி நேரத்தில், அதாவது மூன்றே நாளில் தீர்ந்துவிடும். தை, ஆவணி முகூர்த்த மாதங்களில்கூட நான் பாதியைத் தாண்டியதில்லை.

அடுத்ததாகச் சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்குவதாக இருக்கிறேன். இந்த டிஸ்க் பழைய கல்யாணங்களோடு பீரோவுக்குப் போகும், கேபிளோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு.